கறுப்பா, சாம்பலா

அனலாக் சிந்தசைசரின் ஓசை கதகதப்பானது என்று உலகம் முழுவதும் நம்பப்படுகிறது. நீங்களும் உள்ளே வந்ததும் வராததுமாக அதையேதான் சொன்னீர்கள். "அனலாக்னா ஒரு வார்ம்த் இருக்கும் சார்" என்றீர்கள். மன்னிக்க வேண்டும் தம்பி. ஓசைக்கு வெப்பநிலை கிடையாது. வெப்பநிலை இருப்பது இந்தக் கூடத்துக்கு. வெப்பம் ஏறினால் ஓசை கதகதப்பாவதில்லை, சுருதி விலகுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. இந்த ஒரு தவறான நம்பிக்கையால் எத்தனை பேர் எத்தனை வீடுகளில் ஏமாந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் கறுப்புக் கருவி வைத்திருக்கும் மேசையில் இடிக்கும். இங்கே. கதவைச் சாத்தியதைத் தப்பாக நினைக்காதீர்கள். ஜன்னலையும் திறக்கக் கூடாது. வெளிக்காற்று உள்ளே வந்துவிட்டால் கூடம் மறுபடி ஒரு நிலைக்கு வர மத்தியானம் ஆகிவிடும். வேர்க்கிறதா? வேலூரில் பங்குனி மாதம் வேர்க்கத்தான் செய்யும். இந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். காபி நான் போட்டது. டிகாக்ஷன் தண்ணீராக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் இரண்டு கருவிகளும் விற்பனைக்கு என்று இருந்திருக்கும். அது பிழை. ஒன்றுதான் விற்பனைக்கு. விளம்பரம் போட்டது என் மகள் குழலி. முழுப்பெயர் கார்குழலி. பெயர் வைத்தவன் நான், சுருக்கியது ஊர். அவள் சென்னையில் இருந்துகொண்டு போட்டாள், அதனால் இந்தப் பிழை. ஒன்றை விற்கலாம். எதை என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இல்லை, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். இன்றைக்கே முடிவாகிவிடும் என்றுதான் தோன்றுகிறது. முதலில் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மளிகைக் கடைத் தராசு, பெட்ரோல் பங்க் அளவு, நகைக்கடைத் தராசு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை வைக்கிற வேலை. முப்பது வருஷம் தராசு முள்ளைப் பார்த்த கண் இது. யார் கடையிலும் ஒரு டீ குடித்ததில்லை. என் மனைவி திலகவதி இதை வேறு மாதிரி சொல்வாள். "இவரோட கத்தரிக்கா வாங்கப் போனா, கடைக்காரன் கடைய சாத்திட்டு வீட்டுக்குப் போயிடுவான். இவரு இன்னும் தராசையே பாத்துக்கிட்டு நிப்பாரு" என்பாள். மிகை. கத்தரிக்காய் வாங்காமல் நான் திரும்பியதில்லை. முற்றிய காய் வந்திருக்கலாம்.

குழலி கல்யாண மண்டபக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். சொந்தக் கருவி இல்லை, குழுக்காரர்களுடையது. போன வருஷம் இதே பங்குனியில் சென்னையிலிருந்து ஒரு நாடகக் குழு அவளைக் கூப்பிட்டது. மேடையில் உட்கார்ந்து, நாடகம் நடக்கும்போதே காற்று, ரயில், கடல், மனக்கலக்கம் என்று எல்லாவற்றுக்கும் நேரடியாக ஓசை கொடுக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போவார்கள். ஒத்திகை ஆவணியில் தொடக்கம். அனலாக் சிந்தசைசர் ஒன்றைக் கொண்டுவர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. கீபோர்டுக்குள் ஏற்கெனவே பதிந்துவைத்த ஓசைகள் இருக்கும், விரலை வைத்தால் வரும். இதில் அப்படி எதுவும் கிடையாது. மின்சாரத்தையே அதிரவைத்து, திருகைத் திருகித் திருகி ஓசையை நாமே உண்டாக்க வேண்டும். உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டது.

"நானே தவணையில ஒண்ணு வாங்கிக்கறேன்ப்பா" என்றாள். நான் விடவில்லை. பெண் முதன்முதலாக வெளியூர் போகிறாள், கையில் இருப்பது சரியான கருவியாக இருக்க வேண்டாமா? அப்பா வாங்கித் தருகிறேன், ஆனால் முறையாக வாங்குவோம் என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திலகவதிதான், "முறையாவா? அப்ப ஆவணி எந்த வருஷத்து ஆவணின்னு கேட்டுக்கோடி" என்றாள்.

நம் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டுதான் இருந்தன. இதோ, அந்த இரண்டும்தான். இது கறுப்பு. அது சாம்பல். இரண்டுக்கும் நீளமான ஆங்கிலப் பெயர்கள் உண்டு, எண்கள் உண்டு. வீட்டில் கறுப்பு, சாம்பல் என்று ஆகிவிட்டது. கறுப்பில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். ஆனால் என்ன ஓசை! நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்காரும். விரல் வைத்து அழுத்தும் கட்டைகள் முழு அளவு. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும், கமகத்துக்குச் சுகம். ஆனால் கூடம் சூடானால் சுருதி மெல்ல நழுவும். சாம்பலில் நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் தானே சுருதியைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் கட்டைகள் பொம்மைக்குச் செய்தது போல இருக்கும், ஓசை கொஞ்சம் மெலிவு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. முள் நடுவில் நிற்கிறது, பார்த்தீர்களா?

கடைக்காரர் சாதிக் நல்ல மனிதர். "சார், ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க, பாப்பா வாசிச்சுப் பாக்கட்டும், ஒண்ணைத் திருப்பிக் குடுங்க" என்றார். சித்திரையில் இரண்டும் வீட்டுக்கு வந்தன. கறுப்பு சாப்பாட்டு மேசையில். சாம்பல் டிவி இருந்த இடத்தில். டிவி கட்டிலுக்கு அடியில். நாங்கள் தரையில் சாப்பிட ஆரம்பித்தோம், உடம்புக்கு நல்லது.

வந்த அன்றே குழலி கறுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. இங்கேதான் பிரச்சினை ஆரம்பம். ஒன்றை மட்டும் வாசித்தால் கை அதற்குப் பழகிவிடும். பழகிய கை நடுநிலையான கை அல்ல. அதனால் ஒரு விதி வைத்தேன். ஒன்றை எவ்வளவு நேரம் வாசிக்கிறாளோ, அவ்வளவு நேரம் மற்றதையும் வாசிக்க வேண்டும். நடுவில் நான் குறுக்கிட்டு, நேரமாயிற்று என்று சொல்வேன். ஏதோ ஒரு மெட்டு பாதியில் நிற்கும். அவள் எழுந்து வந்து அடுத்ததில் உட்கார்ந்து, விட்ட இடத்தைத் தேடுவாள்.

"அப்பா, எதுன்னாலும் எனக்குப் பரவாயில்லப்பா. கறுப்பே இருக்கட்டும்."

"ஏன் கறுப்பு?"

"பிடிச்சிருக்கு."

"பிடிச்சிருக்கு என்பது ஒரு அளவா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவரு எதை வெச்சு அளந்தாருன்னு கேளு."

இந்த வீட்டில் எந்த ஆய்வுக்கும் ஒத்துழைப்பு இருந்ததில்லை தம்பி.

பிறகு சுருதி சோதனை. எதை வைத்துச் சோதிப்பது? மின்னணுச் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி சரியாக இருக்கிறதா என்று யார் சொல்வது? எங்கள் துறையில் கடைக்காரரின் எடைக்கல்லைச் சோதிக்க ஒரு கல் உண்டு. அந்தக் கல்லைச் சோதிக்க இன்னொரு கல். அதையும் சோதிக்க மேலே ஒன்று. அப்படித்தான் உலகம் நிற்கிறது. எனவே கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு இசைக்கவை வாங்கி வந்தேன். இரும்புக் கவட்டை போல இருக்கும், தட்டினால் ஒரே ஒரு ஸ்வரம் ஒலிக்கும். அதோ, அலமாரியில். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் இசைக்கவையின் ஸ்வரமும் வெப்பத்தில் இம்மியளவு மாறும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை. அப்படியென்றால் வெப்பம் மாறாத ஒரு கூடம் வேண்டும். அன்றைக்குத்தான் ஜன்னல்களைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். திலகவதி ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதையும் கூடாது என்றேன்.

கத்தரி வெயில் காலம். இருந்தாலும் சமாளித்தோம்.

அந்த வாரம் குழலி ஒரு யோசனை சொன்னாள். "சாதிக் பாய்க்குப் போன் பண்ணி எது நல்லா விக்குதுன்னு கேளுங்கப்பா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக விற்பது நல்லதாக இருக்கும் என்பது மளிகைக் கடைக்காரரின் தத்துவம். அவர்களோடு நான் எத்தனை வருஷம் வாதாடியிருக்கிறேன்!

அடுத்து, ஓசையை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது என்று முடிவெடுத்தேன். குழலியைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துக் கண்ணில் துண்டு கட்டினேன். கருவிகளுக்குத் தலையணை உறை போட்டேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆகவே ஒரு கட்டையை மட்டும் அழுத்துவேன். எது நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். நான் அழுத்திய உடனே, "கறுப்பு" என்றாள். மறுபடி அழுத்தினேன். "சாம்பல்." மறுபடி. "கறுப்பு. அப்பா, கையை எடுங்க, திருகு தப்பா இருக்கு." எது நன்றாக இருக்கிறது என்றுதான் கேட்டேனே தவிர, எது எது என்று கேட்கவில்லை. அடையாளம் தெரிந்துவிட்ட சாட்சி செல்லாது. அவளை நீக்கிவிட்டுத் திலகவதியை உட்காரவைத்தேன். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டாள். "ரெண்டும் கிரைண்டர் ஓடுற மாதிரிதான் இருக்கு. ஒண்ணுல அரிசி இருக்கு, ஒண்ணுல இல்ல."

"எதில் இருக்கிறது?"

"எனக்கென்ன தெரியும்? மாவு வந்தா சொல்றேன்."

இப்படியே ஆனி முடிந்து ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டும் அல்லவா? ஆடி முடியட்டும் என்றேன். திலகவதி வியப்பாகப் பார்த்தாள். "கல்யாணத்தையே ஆடியில வெச்சுக்கலாம்னு எங்கப்பாகிட்ட சண்டை போட்ட ஆளு நீங்க" என்றாள்.

ஆமாம். அப்போது வயது வேறு.

ஒரு நாள் காலை குழலி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். வாசிக்கவில்லை. "அப்பா, ஒண்ணு கேக்கறேன். நான் போகக் கூடாதுன்னு நினைக்கறீங்களா?" என்றாள்.

நான் பொறுமையாகவே சொன்னேன். "கேள்வி அது இல்லை குழலி. கேள்வி, கறுப்பா சாம்பலா என்பது. இரண்டு கேள்வியைக் குழப்பினால் இரண்டுக்கும் விடை கிடைக்காது."

"ஒத்திகைக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லப்பா."

"அதனால்தான் அவசரப்படக் கூடாது என்கிறேன்."

குழலி எழுந்து இரண்டு கருவிகளின் மேலும் உறையைப் போட்டு மூடினாள். ஒழுங்கான பெண். யாரும் சொல்லாமலே மூடினாள்.

நீங்கள் காபியைக் குடிக்கவே இல்லை. சூடு ஆறியிருக்காது, இந்தக் கூடத்தில் எதுவும் ஆறாது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை திலகவதி, "வாங்க, பூ போட்டுப் பாத்துடலாம்" என்றாள். தெரியும்தானே? வெள்ளைப் பூவை ஒரு காகிதத்தில், சிவப்புப் பூவை ஒரு காகிதத்தில் மடித்து, சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எனக்கு இதிலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மற்ற எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. சரி, செய்வதென்றால் முறையாகச் செய்வோம் என்று பொட்டலத்தை நானே மடித்தேன். சிவப்பு அரளி, வெள்ளை நந்தியாவட்டை. வீட்டில் இருந்த சின்னத் தராசில் வைத்துப் பார்த்தால் அரளிப் பொட்டலம் கனம். கனமான பொட்டலம் கைக்கு முதலில் தட்டுப்படும். ஒரு இதழைக் கிள்ளி எடுத்துச் சமன் செய்தேன்.

"சாமிகிட்டயே எடை சரிபாக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள்.

"யாராக இருந்தாலும் முத்திரை முத்திரைதான்."

தெருமுனை அம்மன் கோயில். மூன்று பேரும் நின்றோம். கேள்வியைச் சத்தமாகச் சொல்லி, எந்தப் பூவுக்கு எது என்று எல்லோர் முன்னாலும் நிச்சயித்துவிடலாம் என்றேன். திலகவதி கூடாது என்றாள். மனதுக்குள்தான் நினைத்துக்கொள்ள வேண்டுமாம், வாய்விட்டுச் சொன்னால் பலிக்காதாம். நடைமுறைப்படி பெரிய குறை இது. இருந்தாலும் வாதாட இடம் அதுவல்ல. வெள்ளைப் பூ வந்தால் கறுப்பு, சிவப்புப் பூ வந்தால் சாம்பல் என்று நினைத்துக்கொண்டேன். நிறத்தால் மனம் சாயக் கூடாதென்று மாற்றி வைத்தேன். அதை வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

திலகவதி அந்தப் பூவை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். தண்ணீர் வழிந்தது. குழலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சிந்தசைசருக்காக யாராவது இப்படி அழுவார்களா? பெண்கள் சில விஷயங்களில் நம்மைவிட ஆழமாகப் போய்விடுகிறார்கள்.

நான் பூசாரியிடம், ஒரு தடவை எடுத்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் சில தடவை எடுங்கள் என்றேன். "சார், அம்மா ஒரு தடவதான் சொல்லுவா" என்று அவர் தீபத்தட்டை நீட்டிவிட்டார். ஆகவே அது முடிவில்லை. முதல்கட்டத் தகவல், அவ்வளவுதான்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் திலகவதி முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள். இரண்டு டப்பா நிறைய. பருப்புப் பொடி அரைத்தாள். ஆடி வெள்ளிக்கு முறுக்கு எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு கேள்வியக் குழப்பாதீங்க" என்றாள். என் வாக்கியத்தையே திருப்பிச் சொல்கிறாளே தவிர, பொருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை.

ஆவணி பிறந்து குழலி கிளம்பினாள். ஒரு பை, முறுக்கு டப்பா, பொடி. நான் இரண்டு கருவிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு வாரம் கொடு, முடிவு சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க நிதானமா முடிவு பண்ணி வைங்கப்பா. நான் வந்து எடுத்துக்கறேன்."

கேட்டீர்களா? நிதானமாக என்றாள். கடைசியில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாதிக் போன் செய்தார், ஒன்றைத் திருப்பித் தாருங்கள் என்றார். எதைத் திருப்புவது? இரண்டையும் விலைக்கு எடுத்துக்கொண்டேன். அவசரத்தில் முடிவெடுக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

அவள் அங்கே யாரோ ஒரு சிநேகிதி கொடுத்த பழைய கருவியை வைத்துச் சமாளிக்கிறாள். டிஜிட்டல், தம்பி. அனலாக் வேண்டும் என்று நிபந்தனை வைத்தவர்களே இரண்டாம் நாள் அதை மறந்துவிட்டார்களாம். திருநெல்வேலியில் நாடகம் போட்டபோது எடுத்த வீடியோ அனுப்பியிருந்தாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து காற்று வீசவைக்கிறாள். காற்றென்றால் காற்று, பார்க்கிற எனக்கே ஜன்னலைச் சாத்த வேண்டும் போல இருந்தது. முடிந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டுகிறது. திலகவதி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுருதி ஒரு நூல் மேலே இருந்தது. சொல்லவில்லை. வந்தால் சொல்லிக்கொள்ளலாம்.

வருவாள். வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே சொன்னாள்? அதனால்தான் இரண்டையும் விற்க முடியாது என்கிறேன். அவளுக்கென்று ஒன்று தயாராக இருக்க வேண்டும். சரியான ஒன்று.

சரி, நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கு எது வேண்டும்?

கறுப்பா.

யோசித்துப் பாருங்கள். ஆற்காட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, விஷயம் தெரிந்த ஒருவர் கறுப்பைக் கேட்கிறார் என்றால் கறுப்பில் ஏதோ இருக்கிறது. அப்படியானால் அது குழலிக்கு இருக்க வேண்டும். அதை எப்படி விற்பேன்?

சாம்பலும் பரவாயில்லையா? பார்த்தீர்களா, இப்போது சாம்பலுக்கும் ஒரு ஆள் இருக்கிறார். முள் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. ஒன்று செய்வோம். நீங்கள் கண்ணில் இந்தத் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் ஒரே ஒரு கட்டையை அழுத்துகிறேன். வேண்டாமா? வண்டியை வெயிலில் விட்டு வந்தீர்களா? சரி, சரி. அடுத்த வாரம் வாருங்கள். முன்னால் வந்தவர்களும் அடுத்த வாரம் வருவதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இருங்கள், கதவை நீங்கள் இழுத்தால் வராது. தாழ்ப்பாளை மேலே தூக்கி, பிறகு இழுக்க வேண்டும். சீக்கிரம் வெளியே போய்விடுங்கள், காற்று வருகிறது.

திலகவதியா? அவள் இங்கே இல்லை. பொங்கல் முடிந்ததும், நாடகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சென்னைக்குப் போனாள். டேபிள் ஃபேனையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.